ஹூஸ்டனுக்குக் குடிவருகிறீர்களா? வீடு பார்க்கும் முன் இதைப் படியுங்கள்

டெக்சஸ் என்றாலே கள்ளிச்செடியும் புழுதியும்தான் என்று நினைத்துப் பலர் ஹூஸ்டனுக்கு வருகிறார்கள். இது கடலோரச் சமவெளி ஊர். ஆண்டுக்குச் சுமார் 50 அங்குல மழை பெய்யும். பஃபலோ பாயூ, பிரேஸ் பாயூ என்று ஊருக்குள் ஓடும் ஆறுகள் எல்லாம் மெதுவாகத்தான் நகரும். நிலம் தட்டை என்பதால் பெருமழை வடிய நேரமாகும். அதனால் பள்ளிக்கூடம், சமையலறை எல்லாம் அப்புறம். முதலில் தண்ணீரைப் பற்றி விசாரியுங்கள்.

"இது வெள்ளப் பகுதி இல்லை, காப்பீடு வேண்டாம்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் (மாவட்டம் போன்றது) தண்ணீர் புகுந்த வீடுகளில் பாதிக்கும் மேல், அரசின் வெள்ள வரைபடத்தில் வெள்ள எல்லைக்கு வெளியே இருந்தவை. மேற்கே ஆடிக்ஸ், பார்க்கர் என்று 1940களில் கட்டிய இரண்டு வெள்ளத் தடுப்பு நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. சாதாரண நாளில் அவை வெறும் பூங்காவாகத் தெரியும். அணை நிரம்பினால் தண்ணீர் பின்னோக்கி ஏறும் இடத்திலேயே குடியிருப்புகள் எழுந்துவிட்டன. ஹார்வியில் அங்கே நடந்தது அதுதான்.

ஃபீமா (அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பு) வெளியிடும் வெள்ள வரைபடத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். வீட்டுக்குள் முன்பு வெள்ளம் வந்ததா, நீர்த்தேக்கத்தின் வெள்ளப் பரப்புக்குள் வீடு இருக்கிறதா என்று விற்பவர் தனக்குத் தெரிந்ததை எழுத்தில் தர வேண்டும். இது 2019 செப்டம்பரிலிருந்து மாநிலச் சட்டம். வாடகை வீட்டுக்கும் 2022 முதல் இதுபோன்ற விதி உண்டு. படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுங்கள், அவர்கள் மறைக்க மாட்டார்கள். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது. அரசுத் திட்டத்தில் தனியாக எடுத்தாலும் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். புயல் காலம் ஜூன் 1-இல் தொடங்குகிறது, ஏப்ரலிலேயே முடித்துவிடுங்கள். வாடகைக்கு இருப்பவர்களும் பொருள்களுக்கு மட்டும் எடுக்கலாம்.

"டெக்சஸில் வரியே இல்லை" என்பது அடுத்த தவறான நம்பிக்கை. மாநில வருமான வரி இல்லை, சரி. ஆனால் புதிய புறநகர்களில் மட் (MUD) வரியும், அதாவது குடிநீர், கழிவுநீர் வசதிகளுக்காக அந்தப் பகுதியின் நீர் வாரியம் போடும் வரியும், சேர்ந்து சொத்து வரி வீட்டு மதிப்பில் 2 சதவீதத்தைத் தாண்டிவிடும். மாதத் தவணையோடு அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சொந்த வீட்டில் குடியேறியதும் சொத்து வரியைக் குறைக்கும் ஹோம்ஸ்டெட் விலக்குக்கு விண்ணப்பியுங்கள்.

குளிரே வராது என்றும் எண்ண வேண்டாம். 2021 பிப்ரவரியில் எத்தனையோ வீடுகளில் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்தன. வீட்டுக்கு வரும் தண்ணீரை நிறுத்தும் முதன்மை வால்வு எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டி வையுங்கள்.

கார் கட்டாயம் என்பது பாதி உண்மை. மெட்ரோ ரயிலின் சிவப்புத் தடத்துக்குப் (ரெட் லைன்) பக்கத்தில் குடியிருந்தால் டவுன்டவுன், அருங்காட்சியகங்கள், டெக்சஸ் மெடிக்கல் சென்டர் எல்லாம் ரயிலிலேயே போகலாம். கேட்டி போன்ற புறநகர் என்றால் கார் இல்லாமல் முடியாது. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு அங்கிருந்து உங்கள் அலுவலகம் வரை ஓட்டிப் பாருங்கள்.