ஏஐ பரிந்துரைகளில் பல்கலைக்கழகத்தின் பெயர் இடம்பெறச் செய்வது எப்படி?

பல்கலைக்கழக இணையதளத்தைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றவர்கள் முதலில் செய்ய வேண்டியது, மாணவர்கள் சாட்ஜிபிடியிடமும் ஜெமினியிடமும் கேட்கக்கூடிய இருபது கேள்விகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக்கொள்வது. "சென்னையில் எம்.சி.ஏ. எங்கே படிக்கலாம்?" என்பதுபோல, நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல் கேளுங்கள், பெயரைச் சொன்னால் எந்தக் கருவியும் நாலு நல்ல வார்த்தை சொல்லத்தான் செய்யும். ஒரே கேள்விக்கு விடை மாறி மாறி வரும் என்பதால், ஒவ்வொன்றையும் மூன்று புதிய உரையாடல்களில் கேட்டு, பெயர் வந்ததா, எந்தப் பக்கம் ஆதாரமாகக் காட்டப்பட்டது, கட்டண விவரம் சரியா என்று தேதியுடன் குறித்து வையுங்கள்.

அடுத்து, எந்தத் தானியங்கி நிரல்கள் தளத்தைப் படிக்கலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ்.டிஎக்ஸ்டி (robots.txt) கோப்பைத் திறந்து பாருங்கள். ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் ஓஏஐ-சர்ச்பாட் என்னும் நிரல் சாட்ஜிபிடியின் தேடலுக்காகவும், ஜிபிடிபாட் என்னும் நிரல் ஏஐ மாதிரிகளைப் பயிற்றுவிப்பதற்காகவும் வருகின்றன. பயிற்சிக்குத் தர விரும்பாத நிர்வாகம் பின்னதை மட்டும் தடுத்துவிட்டு முன்னதை அனுமதிக்கலாம். கோப்பில் அனுமதி இருந்தும் சர்வரின் ஃபயர்வால் என்னும் பாதுகாப்பு அரண் இவற்றைத் தடுத்துக்கொண்டிருக்கக்கூடும் என்பதால், அதையும் கணினிப் பிரிவிடம் கேட்டுவிடுங்கள்.

மூன்றாவதுதான் பெரிய வேலை: தகவல்களை இயந்திரம் படிக்கக்கூடிய எழுத்தாக மாற்றுவது. நான் உதவிய ஒரு பல்கலைக்கழகத்தில், கட்டணப் பட்டியலைப் பதிவாளரின் கையொப்பத்தோடும் முத்திரையோடும் ஸ்கேன் செய்து, சற்றே சாய்ந்த பிடிஎஃப் கோப்பாக ஏற்றியிருந்தார்கள். சேர்க்கை அறிவிப்போ பூ வேலைப்பாட்டுடன் கூடிய ஒரு படம். தமிழ்ப் பக்கங்கள் இன்னும் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் இருந்தன. கண்ணுக்கு 'அம்மா' என்று தெரிவது அந்த எழுத்துருவில் உண்மையில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கில விசைகளின் வரிசையே. இயந்திரம் அதைத் தமிழாகவே படிக்காது. எனவே ஒவ்வொரு படிப்புக்கும் தனிப் பக்கம் அமைத்து, தகுதி, காலம், இடங்கள், ஆண்டுக் கட்டணம், விண்ணப்பிக்கும் கடைசி நாள் ஆகியவற்றை யூனிகோடு எழுத்தில் முழு வாக்கியங்களாக எழுதுங்கள். "தலைசிறந்த கல்வி" என்ற வரியை எடுத்துவிடலாம். அதை எல்லாரும் எழுதுகிறார்கள்.

பெயரிலும் கவனம் தேவை. சென்னை குரோம்பேட்டையில் 1949இல் தொடங்கப்பட்டு, இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாகமாக உள்ள மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியை இங்கே எம்ஐடி என்றாலே புரியும். ஆனால் உலகம் அந்த மூன்றெழுத்தை மாசசூசெட்ஸ் நிறுவனத்துக்கே உரியதாக நினைக்கிறது. ஆகவே முழுப்பெயர், ஊர், தாய்ப் பல்கலைக்கழகம் மூன்றையும் ஒவ்வொரு முக்கியப் பக்கத்திலும் ஒரே வடிவில் எழுதுங்கள்.

பெயர், முகவரி போன்றவற்றை இயந்திரங்களுக்குப் புரியும் வடிவில் சொல்லும் ஸ்கீமா.ஆர்க் (schema.org) குறிப்புகளை முகப்புப் பக்கத்தில் சேர்ப்பது அரைநாள் வேலை; நல்லதுதான், ஆனால் அதனால் மட்டும் பரிந்துரை கிடைத்துவிடாது. விக்கிப்பீடியாவில் பிழை இருந்தால் நீங்களே திருத்தாமல், உங்கள் தொடர்பை வெளிப்படையாகச் சொல்லி, அந்தக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் சான்றுடன் திருத்தம் கோருங்கள்.

இரண்டு மாதம் கழித்து அதே இருபது கேள்விகளை மீண்டும் கேளுங்கள். பெயர் வந்து, கட்டணம் மட்டும் போன ஆண்டினதாக இருந்தால், தளத்தின் ஏதோ ஒரு மூலையில் பழைய பிடிஎஃப் இன்னும் கிடக்கக்கூடும். முதலில் அதைத் தேடிப் பார்த்து, இருந்தால் நீக்குங்கள்.