நுண்ணோக்கியில் வெங்காயச் செல் பார்க்க எந்தத் தோல்?

பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டில் நல்ல சிவப்பு வெங்காயமாகப் பார்த்து வாங்குங்கள். இதழின் உட்குழிந்த பக்கத்துத் தோல் நிறமற்றது. ஒரு சொட்டு அயோடின் விட்டு இரண்டு நிமிடம் கழித்துப் பார்த்தால் உட்கரு பழுப்பாகத் தெரியும். வெளிப்பக்கத்து ஊதாத் தோலுக்குச் சாயமே வேண்டாம், நிறம் செல்லுக்குள் இருக்கும் நீர்ப்பையான வாக்குவோலிலேயே இருக்கிறது. 100 மி.லி. தண்ணீரில் 5 கிராம் உப்பைக் கரைத்து, தோலை மூடியிருக்கும் மெல்லிய கண்ணாடியான கவர்ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் சொட்டுவிட்டு எதிர் ஓரத்தில் டிஷ்யூவால் உறிஞ்சுங்கள். சில நிமிடங்களில் ஊதா சுருங்கிச் செல்சுவரை விட்டு விலகும். செல்சவ்வு எங்கே என்று கேட்கும் பிள்ளைக்கு விலகிய அந்த ஓரத்தைக் காட்டினாலே போதும்.

கறுப்பு விளிம்போடு தெரியும் வட்டம் உட்கரு அல்ல, காற்றுக்குமிழி. கவர்ஸ்லிப்பைச் சாய்த்து மெதுவாக இறக்கினால் வராது. பச்சை நிறம் தரும் பசுங்கணிகத்தை இதில் தேடாதீர்கள், அதற்கு ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியின் இலைதான். படம் வெளிறினால் நுண்ணோக்கியில் ஒளியின் அளவைக் கட்டுப்படுத்தும் டயாஃப்ரத்தைக் குறையுங்கள்.