'அடிபட்டிருக்கும்' என்று விட்டுவிடாதீர்கள்: எலும்புப் புற்றில் நடக்கும் தவறுகள்

முதலில் ஒன்று. எலும்பிலேயே தொடங்கும் புற்றுநோய் அரிது. கால் வலி என்று சொல்லும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோருக்கு அது இருக்காது, அதனால் இதைப் படித்துவிட்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். சிக்கல் என்னவென்றால், அரிதாக இருப்பதாலேயே வலிக்கு வேறொரு காரணம் சட்டென்று கிடைத்துவிடுகிறது, அது பொருத்தமாகவும் இருக்கிறது, அப்படியே மாதங்கள் ஓடிவிடுகின்றன.

பின்னாளில் செயற்கைக் காலோடு ஓடி புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டிய கனடாவின் டெரி ஃபாக்ஸுக்கு நடந்தது இதுதான். 1976 நவம்பரில் ஒரு கார் விபத்து, வலது முழங்காலில் வலி, அவ்வளவுதான். டிசம்பரில் வலி திரும்ப வந்தது. கூடைப்பந்து சீசன் முடியட்டும் என்று பொறுத்துக்கொண்டார். 1977 மார்ச்சில் ஆஸ்டியோசர்கோமா என்ற எலும்புப் புற்று என்று தெரிந்தது, முழங்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள். வயது 18. அடிபட்டதால் புற்று வந்ததாக ஆதாரம் கிடையாது. அடிபட்டது, வலிக்குக் கைவசம் ஒரு விளக்கம் கொடுத்துவிடுகிறது, அதுதான் ஆபத்து.

இந்த வகை பெரும்பாலும் 10 முதல் 20 வயதுக்குள், பிள்ளை மளமளவென்று உயரும் சமயத்தில் வரும். முழங்காலை ஒட்டி மேலோ கீழோ, இல்லாவிட்டால் தோள்பட்டைக்குக் கீழே. 'வளர்ற வயசு, அப்படித்தான் வலிக்கும்' என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் கவனியுங்கள். வளர்ச்சி வலி பொதுவாக இன்னும் சின்ன வயதிலேயே வரும், இரண்டு காலிலும் இருக்கும், சாயங்காலமோ ராத்திரியோ வந்து காலையில் காணாமல் போய்விடும். ஒரே காலில், ஒரே இடத்தை விரலால் தொட்டுக் காட்டும் வலி, வாரத்துக்கு வாரம் கூடுகிறது, தூக்கத்திலிருந்து எழுப்புகிறது, பிள்ளை நொண்டுகிறான், வீக்கம் தெரிகிறது என்றால் உடனே எக்ஸ்ரே எடுங்கள். அதற்கு முன்னால் தைலம் போட்டு உருவிவிடுவது, நாட்டுக் கட்டுப் போடுவது எதுவும் வேண்டாம். புற்று அரித்த எலும்பு லேசாக அழுத்தினாலே முறியலாம்.

யூவிங் சர்கோமா என்ற இன்னொரு வகை எலும்புப் புற்றும் இளம் வயதுக்காரர்களைத்தான் தேடிவரும், ஆனால் இடுப்பெலும்பு, விலா எலும்பு, தொடை எலும்பின் நடுப்பகுதி என்று இடம் மாறும். கூடவே காய்ச்சல், எடை குறைவது, ரத்தத்தில் இஎஸ்ஆர் (உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் அளவு) ஏறுவது. பார்த்தால் சீழ் பிடித்த மாதிரியே இருக்கும், நம் ஊரில் எலும்பு டிபியோ என்ற சந்தேகமும் வரும். ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் அடங்கவில்லையென்றால் அடுத்த கோர்ஸுக்குப் போகாமல் ஏன் என்று கேளுங்கள்.

கான்ட்ரோசர்கோமா என்ற குருத்தெலும்பு வகைப் புற்று நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அதிகம். இடுப்பில், தொடையின் மேல்பகுதியில், தோளில் மந்தமான வலி, வருஷக்கணக்கில் மெதுவாக வளரும். மெதுவாகத்தானே இருக்கிறது என்பதுதான் இங்கே சாக்கு.

வயதானவர்களின் கதை வேறு. அவர்களுக்கு எலும்பில் புற்று என்றால் பெரும்பாலும் மார்பகம், புராஸ்டேட், நுரையீரல் போன்ற இடங்களிலிருந்து பரவியதாகவோ, மஜ்ஜையில் தொடங்கும் மல்டிபிள் மைலோமாவாகவோ இருக்கும். மைலோமாவில் முதுகுவலிக்கு ஒரு டாக்டர், ரத்தசோகைக்கு ஒரு டாக்டர், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) ஏறியதற்கு இன்னொருவர் என்று அலைந்துகொண்டிருப்பார்கள், மூன்று ரிப்போர்ட்டையும் யாரும் ஒரே மேஜையில் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். நீங்களே எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு எடுத்துப் போங்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை எடுத்திருந்தால், முதுகுவலி என்று போகும்போது அதையும் சொல்லியாக வேண்டும். முதுகுவலியோடு கால் தளர்ந்தாலோ சிறுநீர் போக முடியாமல் நின்றாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி, மறுநாள் பார்க்கலாம் என்ற பேச்சே இல்லை.

எக்ஸ்ரே நார்மல் என்றதும் நிம்மதியாகிவிடுவதும் தவறுதான். ஆரம்ப நிலையில் தெரியாமல் போகலாம், இடுப்பிலும் முதுகெலும்பிலும் இன்னும் சிரமம். அப்புறம், சிறுபிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு முழங்காலில் வலியாகத் தெரிவது உண்டு, முழங்காலை மட்டும் படம் எடுத்தால் என்ன தெரியும்? வலி விடவில்லையென்றால் திரும்பப் போங்கள், எம்ஆர்ஐ தேவையா என்று கேளுங்கள்.

கடைசியாக பயாப்சி, அதாவது கட்டியிலிருந்து துளி எடுத்துச் சோதிப்பது. 'ஊசி குத்தினால் பரவிடும்' என்று தள்ளிப்போடாதீர்கள். பயாப்சி இல்லாமல் எந்த வகை என்று உறுதியாகச் சொல்ல முடியாது, வகை தெரியாமல் சிகிச்சை தொடங்க முடியாது. ஆனால் ஊசி போகும் வழி முக்கியம். ஆபரேஷனில் அந்தத் தடத்தையும் சேர்த்து எடுக்க வேண்டியிருப்பதால், தப்பான இடத்தில் குத்தினால் காலைக் காப்பாற்றும் அறுவை சிகிச்சையே சிக்கலாகிவிடும். அதனால் கிடைத்த இடத்தில் செய்துகொள்ளாமல், பின்னால் ஆபரேஷன் செய்யப்போகும் எலும்புப் புற்று நிபுணரைப் பார்த்து, அவர் சொல்லும் இடத்தில் பயாப்சி எடுங்கள்.