முகம் முறியாமல் 'இல்லை' சொல்வது எப்படி

அறுகம்பையில் கெஸ்ட் ஹவுஸோ பாசிக்குடாவில் ஹோட்டலோ மட்டக்களப்பு டவுனில் என்ஜிஓவோ, எங்கே வேலை செய்தாலும் வெளிநாட்டுக்காரரோடு வருகிற மனக்கசப்பு பெரும்பாலும் வாய்வரை வந்த 'இல்லை'யை விழுங்கிவிட்டு 'பாப்பம்' என்று சொல்வதில்தான் தொடங்குகிறது.

நம்மாட்களுக்குள் 'பாப்பம்' என்றால் சரிவராது என்று விளங்கிவிடும், கேட்டவரும் முகம் கோணாமல் போய்விடுவார். ஜேர்மன்காரருக்கோ நெதர்லாந்துக்காரருக்கோ அது வாக்கு. குமண தேசியப் பூங்காவுக்குப் போக விடிய ஐந்து மணிக்கு ஜீப் வருமா என்று ஒருவர் கேட்கிறார், டிரைவர் இன்னும் போனே எடுக்கவில்லை, நம்ம தம்பி தலையை ஆட்டி 'நோ ப்ராப்ளம்' என்கிறார். விடிய அந்த மனுசன் கேமராவும் தண்ணிப் போத்தலுமாகக் கேட்டடியில் நிற்பார். ஜீப் வராதது கூடப் பெரிதில்லை, நேற்றே சொல்லியிருக்கலாமே என்பதுதான் அவருடைய கோபம். அதனால் இப்படிச் சொல்லுங்கள்: "ஜீப் இன்னும் உறுதியில்லை. இரவு எட்டு மணிக்குள் சொல்கிறேன். கிடைக்காவிட்டால் நாளை மறுநாள் போகலாம்." தலையை ஆட்ட வேண்டாம், நம் தலையாட்டல் அவர்களுக்கு ஆமாவா இல்லையா என்றே பிடிபடாது.

ஜப்பான்காரர் வேறு ரகம். 'கொஞ்சம் கஷ்டம்' என்று மூச்சை இழுத்தாரென்றால் அது இல்லைதான், திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள்.

முகம் என்பது நாலு பேர் முன்னால் நமக்கிருக்கும் மதிப்பு, அதை எதிரில் இருப்பவரும் சேர்ந்துதான் காப்பாற்ற வேண்டும் என்ற கருத்தில் சமூகவியலாளர் எர்விங் கொஃப்மன் 1955இலேயே எழுதினார். ஆனால் மீட்டிங்கில் எல்லாருக்கும் முன்னால் 'உங்கள் ரிப்போர்ட் பிழை' என்று பட்டென்று சொல்கிற மேலதிகாரி ரிப்போர்ட்டைத்தான் சொல்கிறார், உங்கள் மானத்தை அல்ல. பொறுக்கவில்லையா, தனியாகப் போய் "பிழை இருந்தால் முதலில் எனக்கு மட்டும் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தால் அவருக்கு ஏனென்றே தெரியாது.

அப்புறம் சாப்பாடு. பெனலோப்பி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் 1978இல் வெளியிட்ட ஆய்வுப்படி மனிசருக்கு இரண்டு ஆசை: மற்றவர்களுக்குத் தன்னைப் பிடிக்க வேண்டும், தன்னை யாரும் வற்புறுத்தக் கூடாது. (அதற்குக் கோயம்புத்தூர்ப் பக்கக் கிராமத்துத் தமிழரின் பேச்சும் ஒரு சான்று, சும்மா இல்லை.) நாம் 'இன்னும் கொஞ்சம்' என்று அள்ளிப் போடுவது முதல் ஆசையை நினைத்து, வந்தவர் நெளிவது இரண்டாவதால். ஒருதரம் போதும் என்றால் விட்டுவிடுங்கள். வீட்டில் அம்மா விடமாட்டார், ஆகவே விருந்தாளிக்கு முதலே சொல்லி வையுங்கள்: கோப்பைக்கு மேலே கையைக் குறுக்கே வைத்தால்தான் கரண்டி நிற்கும்.