கலாத்தா பாலத்தில் கேமராவோடு ஒரு மாலை

இஸ்தான்புல்லில் மனிதர்களைப் படமெடுக்க ஆசைப்படுகிறவர்கள் ஊரெல்லாம் அலைய வேண்டியதில்லை. எமினோனுவையும் கராகோயையும் இணைக்கும் கலாத்தா பாலத்துக்கு ஒரு மாலையை முழுசாகக் கொடுங்கள்.

மேல்தளத்தில் நடுவே டிராம் ஓடும். இரு ஓரங்களிலும் தூண்டில்காரர்கள் தோளோடு தோள் நிற்பார்கள். மாலையில் மேற்கு ஓரம்தான் சரி. சூரியன் சாயும்போது சுலைமானியே மசூதியின் மினாரெட்டுகளும் தூண்டில் கோல்களும் நிழலுருவங்களாக ஒரே படத்தில் அமையும்.

எங்கே நிற்பது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். இஸ்தாவ்ரித் என்னும் சிறு மீனுக்காக ஒரே தங்கூசியில், அதாவது நைலான் தூண்டில் நூலில், இறகு கட்டிய தூண்டில் முட்கள் பல தொங்கும். வீசுவதற்குமுன் கோலைப் பின்னால் ஓங்குவார்கள். ஆகவே முதுகுப் பக்கம் நிற்கவே கூடாது. பக்கவாட்டில் தள்ளி நின்றால் ஆபத்தும் இல்லை. முகம், கை, கோல், தண்ணீர் எல்லாம் படத்துக்குள் வரும்.

35 மி.மீ. லென்ஸ் போதும். ஜூமை அறையிலேயே விட்டுவிடுங்கள். தூரத்திலிருந்து திருட்டுத்தனமாக எடுத்த முகத்தில் உயிர் இருப்பதில்லை என்பது என் உறுதியான எண்ணம். வெளிச்சம் இருக்கும்வரை லென்ஸ் துளை எஃப்/8, ஷட்டர் 1/500 நொடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) தானியங்கி. ஃபோகஸைக் கையால் 3 மீட்டரில் நிறுத்திவிடுங்கள். ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்ட) கேமராவில் ஏறக்குறைய 2 முதல் 7 மீட்டர் வரை தெளிவாக விழும். பிறகு கேமராவை மறந்து ஆட்களைப் பார்க்கலாம்.

அனுமதி கேட்க மொழி தேவையில்லை. கேமராவைக் காட்டிச் சிரியுங்கள். எதிரில் இருப்பவர் புருவத்தை உயர்த்தித் தலையை மேல்நோக்கி அசைத்தால் துருக்கியில் அதற்கு ‘வேண்டாம்’ என்று பொருள்; வணங்கி நகர்ந்துவிடுங்கள். சம்மதித்தால் எடுத்த படத்தைத் திரையில் காட்டுங்கள். பக்கத்தில் நிற்பவர் எட்டிப் பார்ப்பார், தன் வாளி மீனைத் தூக்கிக் காட்டுவார், தன்னையும் எடுக்கச் சொல்வார். முன்பின் தெரியாத ஊரில் இப்படி ஒரு வரிசையே நம்மோடு சேர்ந்துகொள்ளும் அந்த நேரத்துக்காகத்தான் நான் பயணமே போகிறேன்.

துருக்கியப் புகைப்படக் கலைஞர் ஆரா குலெர் (1928–2018) இந்த நகரத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த படங்களைப் போகுமுன் பாருங்கள். அவர் கண் பெரும்பாலும் உழைக்கிறவர்கள் மீதே இருந்தது.

இருட்டியதும் கீழ்த்தளத்துக்கு இறங்குங்கள். அங்கே வரிசையாக உணவகங்கள். அவற்றின் முன்னால் மேலிருந்து தங்கூசிகள் தொங்கும். துளையை எஃப்/2 வரை திறந்து, ஷட்டரை 1/125க்குக் குறைத்து, மீன் மேலேறும்வரை காத்திருங்கள்.