பாசிக்குள் பதுங்கும் பாஸ் மீனுக்கு ரப்பர் புழு

அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள ஒக்கிசோபி ஏரி சராசரியாக 3 மீட்டர் ஆழம்கூட இல்லாதது என்பதாலும், அதன் ஓரங்களில் கோரையும் பாசியும் மண்டிக் கிடப்பதாலும், அங்கு லார்ஜ்மவுத் பாஸ் என்ற பெரிய வாய் கொண்ட நன்னீர் மீனைத் தேடுவோர் முதலில் பழக வேண்டியது, முள்ளின் நுனி பாசியில் சிக்காதபடி அதை ரப்பர் புழுவுக்குள் மறைத்து மாட்டும் 'டெக்சாஸ் ரிக்' முறை என்பது என் உறுதியான கருத்து. 7 அங்குல ரப்பர் புழு, 3/0 அளவு வளைகழுத்துத் தூண்டில் முள், சுமார் 7 கிராம் எடையுள்ள தோட்டா வடிவ ஈயம் ஆகியவை போதும்.

முள்ளின் நுனியைப் புழுவின் தலையில் அரை சென்டிமீட்டர் செலுத்திப் பக்கவாட்டில் வெளியே இழுத்து, முள்ளைத் திருப்பி, நுனி தோலுக்கடியில் மறையும்படி மீண்டும் உடலில் குத்துங்கள். புழு நேராக நிற்காவிட்டால் நீரில் சுழன்று தூண்டில் நரம்பை முறுக்கிவிடும் என்பதால், கழற்றி மறுபடி மாட்டச் சோம்பக் கூடாது. நரம்பை முள்ளில் கட்டும் முடிச்சை எச்சிலால் நனைத்த பிறகே இறுக்க வேண்டும். உலர்ந்த நிலையில் இறுக்கினால் உராய்வுச் சூட்டில் ஃப்ளோரோகார்பன் என்ற பிளாஸ்டிக் வகை நரம்பு வலுவிழக்கும். அடர்ந்த பாசியில் பின்னல் நரம்பே சிறந்தது.

புழு மூழ்கும்போதுதான் மீன் பெரும்பாலும் கவ்வுகிறது. ஆகவே, வீசியவுடன் சுற்றத் தொடங்காமல் நரம்பையே கவனியுங்கள். அது பக்கவாட்டில் நகர்ந்தாலோ, எதிர்பார்த்ததற்கு முன்பே தளர்ந்தாலோ, தளர்வைச் சுற்றி எடுத்துவிட்டுக் கோலை வலுவாக மேலே வெட்டி இழுங்கள்.