'கொன்ட்ரோல்' என்ற வினைச்சொல்லின் வேரைக் கண்டறியும் முறை

கிளிநொச்சியில் ஆங்கிலம் பயிலத் தொடங்கிய பிள்ளைகளிடம் 'கொன்ட்ரோல்' என்றால் என்னவென்று கேட்டால், 'கட்டுப்படுத்துதல்' என்ற விடை உடனே வரும். விடை சரியானதே. ஆயினும் அந்தச் சொல் பிறந்தபோது அதில் கட்டுதலும் இல்லை, அடக்குதலும் இல்லை என்பதை, கொப்பியும் பேனையும் இருந்தால் நீங்களே கண்டறியலாம்.

முதலாவது படி: சொல்லைப் பிரித்து எழுதுங்கள். முன்பகுதி 'கொன்ட்ரா' என்ற இலத்தீன் சொல். 'எதிராக' என்று பொருள்படும். பின்பகுதி 'ரோட்டுலுஸ்', அதாவது சிறு சக்கரம். சுருட்டி வைக்கும் தோல் ஏட்டுக்கும் அதுவே பெயராயிற்று. (தேநீர்க்கடையில் நாம் வாங்கும் ரோல்ஸின் பெயரும் இதே வேரிலிருந்து வந்தது.)

இரண்டாவது படி: இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், 'எதிர்ச்சுருள்' கிடைக்கும். இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம். இடைக்கால ஐரோப்பாவில் ஒருவர் வரவு செலவை ஒரு சுருளில் எழுத, அதே கணக்கை இன்னொருவர் வேறொரு சுருளில் எழுதி வைப்பார். பின்னர் இரண்டையும் ஒத்துப் பார்த்துப் பிழையையோ களவையோ பிடிப்பார்கள். அந்த ஒத்துப் பார்த்தலே இந்த வினையின் முதற்பொருள். இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்பவர் நெல் விற்கும்போது, மூடைக் கணக்கை வியாபாரி தன் கொப்பியில் எழுத, தானும் ஒரு துண்டில் குறித்து வைத்து இறுதியில் சரிபார்த்தால், அவர் செய்வதும் அதுவே.

மூன்றாவது படி: பொருள் மாறிய வழியைக் குறியுங்கள். பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல், அந்த நூற்றாண்டுக்குள்ளேயே அடக்கி ஆளுதலையும் குறிக்கத் தொடங்கியது. கணக்கைச் சரிபார்ப்பவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. அந்த உரிமையே அதிகாரமாக வளர்ந்தது என்று கொள்வது பொருத்தமானது.

நான்காவது படி: பழைய பொருள் இன்னும் உயிரோடிருக்கும் இடங்களைத் தேடுங்கள். பிரான்சில் வாழும் உறவினரிடம் கேட்டால், ரயிலில் பயணச்சீட்டைப் பரிசோதிப்பவரை அங்கே 'கொன்ட்ரோலர்' என்றே அழைப்பதாகச் சொல்வார்கள். விஞ்ஞானப் பாடத்தில் வரும் கட்டுப்பாட்டுப் பரிசோதனையையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாத்திக்குப் பசளை இட்டு, மற்றதற்கு இடாமல் விடும்போது, இடாத பாத்தியை எவரும் அடக்கி வைக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான இரண்டாவது சுருளாகவே அது பக்கத்தில் நிற்கிறது.